பல்லுக்குப் பூசிய தைலம்

"முதல்ல பல்லை எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது, வேறு யாருடைய சீட்டையோ பார்த்துப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கெட்டுப்போனது கிட்னி. ஒன்றல்ல, இரண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் மொரப்பூரில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்து, உடம்பிலிருக்கும் ரத்தத்தையெல்லாம் குழாய் வழியாக வெளியே விட்டு, அலசி, மறுபடி உள்ளே வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஆள் நான். டயாலிசிஸ் என்ற வார்த்தையை எங்கள் பக்கத்தில் அப்போது நானும் என் மனைவியும் மட்டும்தான் தடுக்கி விழாமல் சொல்லுவோம். அப்படிப்பட்டவனிடம் வந்து பல்லா?

"கிட்னி வாயிலயா சார் இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க் நான். மொரப்பூரில் நின்றுகொண்டே மொரப்பூருக்கு ஒரு டிக்கெட் கேட்கிறவர்களைப் பதினைந்து வருடம் கம்பிச் சன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து சமாளித்த வாய் இது. சும்மா இருக்குமா? ஆனால் அந்த ரயில்வே உத்தியோகம்தான் என்னைக் காப்பாற்றியது. பாஸும் வைத்தியமும் அதனால்தான் கிடைத்தன. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஜில்லாவில் வேறு எவனுக்காவது இந்த வியாதி வந்திருந்தால், அவனுக்கு வந்தது என்ன வியாதி என்றே தெரிந்திருக்காது.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக விளக்கினார். என் அக்காவின் கிட்னி ஒன்றை எடுத்து எனக்கு வைப்பதாக ஏற்பாடு. வைத்ததும் என் உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டப் பார்க்குமாம். விரட்டாமலிருக்க மருந்து கொடுப்பார்களாம். அந்த மருந்து உடம்பிலிருக்கும் காவல்காரர்களை எல்லாம் தூங்கவைத்துவிடுமாம். அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல்லடியில் ஒளிந்திருக்கும் சீழ் எழுந்து நடமாட ஆரம்பித்தால், கிட்னியும் போகும், நானும் போவேன். டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "நாலு பல்லு. எடுத்து, புண்ணு ஆறினாத்தான் ஆபரேஷன். கிறிஸ்துமஸுக்கு முன்னால முடிச்சிடலாம்."

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். பென்னாகரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மச்சானோடு ராகியும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்தாள். கிட்னி கொடுக்க ரத்தசம்பந்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குச் சொந்தக்காரப் பட்டாளமே இருந்தது. சேதி போனதும் ஒருவருக்குக் கிணற்று வேலை வந்துவிட்டது, ஒருவருக்கு மாடு கன்று போட இருந்தது, ஒருவர் பெங்களூருக்கே போய்விட்டார். அக்கா மட்டும், "எவ்வளோ நேரம் ஆவும்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று கேட்டாள். பரிசோதனையெல்லாம் முடிந்து பொருத்தம் சரியாக இருந்தது.

பல் பிடுங்குவதற்கு ஆயத்தம் ஆரம்பமாயிற்று. அடேயப்பா, ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம். மிஷினுக்குள் ரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸின்போது ஓர் ஊசி மருந்து விடுவார்கள். அது உடம்பில் இருக்கிறபோது பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. சரி, நாலு நாள் தள்ளிப் பிடுங்கலாம் என்றால் உடம்பில் கழிவு ஏறிவிடும், அப்போதும் ரத்தம் நிற்காது. ஆகவே நேற்று டயாலிசிஸ், இன்று பல். நடுவிலிருக்கும் அந்த ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். முகூர்த்தம் பார்க்கிற ஜோசியர்கூட இவ்வளவு சன்னமாகப் பார்க்க மாட்டார்.

அது போக விதிமுறைகள். தலைவலி மாத்திரை தொடக்கூடாது. பல் குச்சி கூடாது, பல்பொடி கூடாது, குழந்தைக்கு வாங்குகிற மாதிரி மெத்தென்ற பிரஷ். இடது கையில் ஊசி போட யாரையும் விடக்கூடாது, ஏனென்றால் டயாலிசிஸுக்காக அங்கே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் வண்டைப் பிடித்து உள்ளே போட்ட மாதிரி கிர்ரென்று இருக்கும். ஸ்டேஷன் போர்ட்டர் தினமும் ஒரு தடவை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுதுங்க" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார். தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று தம்ளர். அதை என் மனைவி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கோடு போட்டு வைத்துவிடுவாள். நான் கொல்லைப்பக்கம் வாய் கொப்பளிக்கப் போனால்கூட, கூடவே வந்து நின்று, "துப்புங்க, துப்புங்க, நான் பாக்கணும்" என்பாள். இருபது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு சந்தேகத்தை நான் சம்பாதித்திருக்கக் கூடாது.

பல்லுக்கும் கிட்னிக்கும் சம்பந்தம் உண்டு என்ற சேதி டிக்கெட் சன்னல் வழியாக ஊருக்குள் பரவியது. ஆனால் தலைகீழாகப் பரவியது. பல்லிலிருந்துதான் கிட்னி கெடுகிறது என்று ஆகிவிட்டது. அந்தப் போர்ட்டர் தர்மபுரிக்குப் போய் முன்னெச்சரிக்கையாக ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து காகிதத்தில் மடித்துக் காட்டினார். நல்ல பல். தேங்காய்ச் சில் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கு வயிறெரிந்தது.

வெளியே வாயடித்துக்கொண்டிருந்தேனே தவிர உள்ளுக்குள் எனக்குப் பயம். கிட்னி ஆபரேஷனைவிட இந்தப் பல்தான் பயம். அதற்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிடுவார்கள். இதற்கு முழித்துக்கொண்டு வாயைத் திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்தம் நிற்காமல் போய்விட்டால்? சாப்பாடு இறங்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு என் மனைவி கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு அந்த வருடம்தான் புதிதாக ஓர் இளவயதுச் சாமியார் வந்திருந்தார். கிதார் வாசிப்பார். அவர் உற்சாகமாக, "தைலம் பூசிடலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வேதக்கார ஜனங்களுக்குத் தைலம் பூசுவது என்றால் ஒன்றே ஒன்றுதான், அவஸ்தைப் பூசுதல். சாகக் கிடக்கிறவருக்குக் கடைசியாகத் தைலம் பூசி வழியனுப்புகிற சடங்கு. பூசியாயிற்றென்றால் பாடைக்கு மூங்கில் பார்க்கலாம் என்று அர்த்தம். பூசின பிறகு பிழைத்து எழுந்தவரை எங்கள் ஜனம் கொஞ்சம் சங்கடமாகத்தான் பார்க்கும்.

"அதெல்லாம் பழைய வழக்கங்க" என்று சாமியார் சிரித்தார். "இப்ப ரோமாபுரியிலயே மாத்திட்டாங்க. சாவுக்கு மட்டும் இல்ல, வியாதிக்காரங்க யாருக்கு வேணும்னாலும் பூசலாம். சொகமாவறதுக்குத்தான் பூசறது."

ரோமாபுரி மாறியது எனக்குத் தெரிந்தது, என் மனைவிக்குத் தெரிந்தது, சாமியாருக்குத் தெரிந்தது. உபதேசியாருக்கு யாரும் சொல்லவில்லை. உபதேசியார் என்றால் கோவிலில் சாமியாருக்கு அடுத்த ஆள். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, கோவில் மணி அடிப்பது, சாமியார் போகிற இடத்துக்கெல்லாம் முன்னால் நடப்பது எல்லாம் அவர்தான். முப்பது வருடமாக அந்தத் தைலச் சிமிழைச் சாகிறவர்கள் வீட்டுக்கு மட்டுமே எடுத்துப் போய்ப் பழகினவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமியார், "சிமிழை எடுங்க, டிக்கெட் கிளார்க் வூட்டுக்குப் போவணும்" என்றதும் மனுஷன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு மெழுகுவத்தியையும் ஏசு சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி கைமணியை அடித்துக்கொண்டே கடைத்தெரு வழியாக நடந்து வந்திருக்கிறார். சாமியார் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், மணியெல்லாம் இந்த ஊர் வழக்கம்போலிருக்கிறது என்று நினைத்தாராம். அந்த மணிச்சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் எங்கே நின்றாலும் முழங்கால் போடுவார்கள். கறிக்கடை வாசலில் பாதிப்பேர் முழங்கால் போட்டுவிட்டார்கள்.

நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து உப்பில்லாத உப்புமா தின்றுகொண்டிருந்தேன். உபதேசியார் வாசற்படியில் நின்று என் மனைவியிடம் மெதுவாக, "பேச்சு இருக்குதா?" என்று கேட்டார்.

"அது எங்க போச்சு, நல்லாத்தான் இருக்குது" என்றாள் அவள், சலிப்போடு.

உள்ளே எட்டிப் பார்த்தவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. "படுத்துக்கோங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"ஒக்காந்தவங்களுக்குப் பூசற வழக்கம் இல்லீங்க."

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உபதேசியார் கட்டிலை இழுத்துப் போட்டு, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார். சண்டை போட எனக்கும் தெம்பில்லை, படுத்துக்கொண்டேன். கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். சாமியார் நெற்றியிலும் கையிலும் தைலம் பூசினார். கண்ணைத் திறந்து பார்த்தால் வாசல் நிறையச் சனம். எல்லாம் தெரிந்த என் மனைவியே மணிச்சத்தம் காதில் விழுந்ததிலிருந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். பிறகு சனம் என்ன நினைக்கும்?

மறுநாள் காலையிலிருந்து இளநீர் வர ஆரம்பித்தது. எங்கள் ஊரில் முடியாதவரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். சாகப்போகிறவனுக்குத் தொண்டையாவது குளிரட்டும் என்று ஆளுக்கு இரண்டு இளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம். கிட்னி செத்தவனுக்கு இரண்டுமே விஷம். அதிலிருக்கும் உப்பு ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். நான் பல்லுக்குப் பயந்துகொண்டிருக்க, இந்தச் சனம் பாசத்தாலேயே என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தது. என் மனைவி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் மூலையில் குவித்தாள். எனக்கோ மூன்று தம்ளர் தண்ணீரில் நாக்கு வறண்டு கிடக்கிறது, கண்ணெதிரே இளநீர் மலை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னைத் தெரியுதா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"தெரியாம என்னாங்க? போன மாசம் டிக்கெட் இல்லாம சேலம் போவப் பாத்தீங்களே" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இளநீரையும் எடுத்துக்கொண்டு போனார், அந்த மட்டும் நல்லது.

சிரிப்பெல்லாம் புதன்கிழமை வந்த தபால் கார்டோடு நின்றுபோனது. சேதி பஸ் ஏறிப் பென்னாகரம் வரைக்கும் போயிருக்கிறது. மச்சான் எழுதியிருந்தார். அவர் எழுத்து ஒவ்வொன்றும் கடலை விதைத்த மாதிரி தனித்தனியாக இருக்கும். "மாப்பிள்ளைக்கு. அவஸ்தை பூசின சேதி பஸ்ஸில் கேட்டோம். இனிமேல் எதுவும் செய்ய வேண்டாம். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்." அவ்வளவுதான்.

நான் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். போகிற ஆளுக்கு எதற்குக் கிட்னி என்று நினைத்துவிட்டார், வேறென்ன? மிஷினில் என்னை எத்தனை காலம் ஓட்ட முடியும் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். மிஷின் கொஞ்சம்தான், காத்திருக்கிறவர்கள் நிறைய, சில மாதம் ஓட்டலாம் என்றார். அக்கா இல்லையென்றால் எனக்கு வேறு ஆள் கிடையாது. இது மச்சானுக்கும் தெரியும். அக்காவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனுஷன். "இந்தா" என்பார், அவ்வளவுதான் அவர் குடித்தனம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாலு பல்லையும் நானே பிடுங்கியிருப்பேன்.

ஆனாலும் பிடித்த நாளை விடக் கூடாது என்று மனைவி என்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை டயாலிசிஸ், வெள்ளிக்கிழமை பல். பல் டாக்டர் ஓர் ஒல்லியான அம்மாள். இந்தக் கையில் என்ன பலம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஊசி போட்டு மரத்ததும், ஒரு காலை நாற்காலியில் முட்டுக்கொடுத்து, முதல் பல்லைக் கிழங்கு பிடுங்குவதுபோல் ஆட்டி எடுத்தார்கள். நாலும் முடிந்து, ஈறைத் தைத்து, மடித்த துணியை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். பேசக் கூடாது, துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. "இதுல எது அவருக்குக் கஷ்டம்?" என்று அந்த அம்மாள் கேட்க, "பேசாம இருக்கறதுதாங்க" என்றாள் என் மனைவி, கண்ணில் சந்தோஷத்தோடு.

ரத்தம் கசிந்துகொண்டே இருந்ததால் இரண்டு ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை புதுத் துணி வைத்து, நாளை வரை வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரயிலில் வரும்போது பார்சல் சீட்டு ஒன்றின் பின்பக்கம் மச்சானுக்கு எழுதினேன். வாய் கட்டிக் கிடந்த ஆத்திரமெல்லாம் பென்சிலில் இறங்கியது. "உங்களுக்கு இஷ்டமில்லாவிட்டால் வேண்டாம். நான் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. செத்துப்போகிறவனுக்காக உங்கள் குடும்பம் கஷ்டப்பட வேண்டியதில்லை." மூன்று தடவை படித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அக்கா அடுப்படியில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, உபதேசியார் பக்கத்தில் நின்றிருந்தார். மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். நான் போனதும் போகாததுமாகச் சீட்டை அவர் கையில் திணித்தேன். அவர் அதை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொடி எழுத்தா இருக்குது, அப்பறம் பாக்கறேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சாமியார் பக்கம் திரும்பினார்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. மாப்ளைக்குப் புடுங்கனது பல்லு. நாலு பல்லு. அதுக்கே மெழுகுவத்தி ஏத்தி, அவஸ்தை பூசி, ஊரே வந்து நின்னுச்சுங்களாமே?"

"அது அவஸ்தை இல்லீங்க..." என்று ஆரம்பித்தார் சாமியார்.

"இருங்க சாமி. பல்லுக்கே பூசற அளவுக்கு ஆபத்துன்னா, இவளை வெலாவுல கிழிச்சு உள்ள கெடக்கறதையே எடுக்கப் போறாங்களே. இவளுக்கு யாருங்க பூசுனா?"

மச்சான் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் வந்து ஒரு வார்த்த கேக்கல. ஒரு எளநி கொண்டாந்து குடுக்கல. நானும் கேக்கலீங்க, பொய் சொல்லக் கூடாது. பஸ்ஸுல சேதி கேட்ட நாள்லருந்து எனக்குத் தூக்கமில்ல. அதான் எழுதுனேன், எதுவும் செய்யவேணாம், நான் வந்து பேசிக்கறேன்னு. குடுக்கறேன்னு அவ சொல்லிட்டா, சொன்னது சொன்னதுதான். நான் குறுக்க நிக்கல. ஆனா அவளுக்கும் பூசிட்டுத்தான் கூட்டிட்டுப் போவணும். இவ இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது சாமி."

"இந்த ஆளுக்கு வேற வேலையில்ல" என்று அடுப்படியிலிருந்து அக்கா சத்தம் போட்டாள். "எனக்கென்னா, கல்லாட்டம் இருக்கறேன். எனக்கு எதுக்கு எண்ணெ?"

உபதேசியார் யாரும் சொல்லாமலே சிமிழை எடுத்துவரக் கோவிலுக்குப் போனார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ரத்தம் பார்த்தார்கள், பொருத்தம் பார்த்தார்கள், என் பல்லைப் பார்த்தார்கள். நான் என் தண்ணீரை அளந்தேன், என் பயத்தை அளந்தேன். ஏழு மாதமாக அக்கா பஸ் ஏறி வந்து கை நீட்டி ஊசி குத்திக்கொண்டு பஸ் ஏறிப் போகிறாள். அவளிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஏதாவது கேட்டேனா? இப்போது கேட்கலாம் என்றால் வாயில் துணி.

மச்சானின் பையிலிருந்து அந்தச் சீட்டைப் பிடுங்கினேன். எழுதியிருந்த பாதியைக் கிழித்து என் பைக்குள் கசக்கிப் போட்டேன். மீதிப் பாதியில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி, அடுப்படிக்குப் போய் அக்காவிடம் நீட்டினேன். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, பின்னால் வந்து நின்ற மச்சானிடம் கொடுத்தாள். "என்னா எழுதியிருக்கறான், படி."

மச்சான் வெளிச்சத்துக்கு நேரே எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "அக்கா... உனக்கு... பயமா... இருக்குதா."

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் மோவாயில் வழிந்திருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்குதுடா" என்றாள்.